மேசையில் வைத்த மிச்சக் காசு

அன்புள்ள அக்காவுக்கு,

லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் ஒரு யூதப் புத்தகக் கடையில் வேலை பார்த்த காலத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். அதில் ஒரு வரியை என்னால் தாண்ட முடியவில்லை. கறுப்புக் கோட்டும் தொப்பியும் அணிந்த ஒருவர் உங்கள் கையிலிருந்து மிச்சக் காசை வாங்காமல், மேசையில் வைக்கும்படி சைகை காட்டினார் என்று எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். என் ஊர் டீக்கடையில் என் அப்பாவின் கையில் சில்லறையை உயரத்திலிருந்துதான் போடுவார்கள். எங்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். உங்களுக்கு வலிக்கவில்லையா? யூதர் அல்லாத ஒருவர் அங்கே போய்ப் புத்தகம் கேட்டால் "நீ யார்" என்று விசாரிப்பார்களா? செப்டம்பரில் மேற்படிப்புக்கு லண்டன் வருகிறேன். என்னைப் போன்றவர்கள் அந்தக் கடைகளுக்குள் போகலாமா?

கே., விழுப்புரம்

அன்புள்ள தம்பி கே.,

உங்கள் அப்பாவைப் பற்றிய அந்த வரிக்குப் பிறகு இரண்டு வாக்கியத்தில் பதில் எழுத மனம் வரவில்லை. நான் யாழ்ப்பாணத்துக்காரி. தேநீர்க்கடைக்குள் போய் எல்லோரும் குடிக்கும் கோப்பையில் குடிப்பதற்காகவே 1960களில் அங்கே ஆட்கள் அடிபட்டிருக்கிறார்கள். அந்த ஒரே அர்த்தம் எனக்கும் தெரியும்.

கடையில் நடந்தது அது இல்லை. கடுமையாக ஆசாரம் பார்க்கும் யூத ஆண்கள் தங்கள் குடும்பத்துக்கு வெளியே எந்தப் பெண்ணையும் தொடமாட்டார்கள். கை குலுக்கவும் மாட்டார்கள். என் பக்கத்தில் நின்ற முதலாளியின் மனைவி யூதப் பெண், ஒரு ரப்பையின், அதாவது யூத மதகுருவின், மகள். அவர் கொடுத்தாலும் காசு மேசைக்குத்தான் வரும். அதே மனிதர் அடுத்த நிமிடம், பெட்டி தூக்கும் யூதரல்லாத பையனிடமிருந்து பையைக் கைக்குக் கை வாங்கிப்போவார். பெண்ணைத் தள்ளி நிறுத்தும் இந்த வழக்கத்தோடு எனக்கு உடன்பாடு கிடையாது, முதலாளியின் மனைவியோடு இதைப் பற்றி நிறையக் கதைத்திருக்கிறேன். ஆனால் என் பிறப்பை அங்கே யாரும் அளக்கவில்லை. அதனால் வலிக்கவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. அந்தக் கடையில் கேள்வி உண்டு. "ஒரு ஸிடூர் வேண்டும்" என்று யாராவது வந்து நின்றால், முதலாளி உடனே கேட்பது "எந்த நுஸாஹ்?" ஸிடூர் என்பது அன்றாடப் பிரார்த்தனை நூல், நுஸாஹ் என்பது வழிபாட்டு முறை. ஜெர்மனி, லித்துவேனியா வழி வந்தவர்களுக்கு ஒன்று, ஹஸீதுகள் என்ற பக்தி இயக்கத்தாருக்கு ஒன்று, பாக்தாத், மொராக்கோ பக்கத்து ஆட்களுக்கு வேறு. இங்கிலாந்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் பலரும் 1890இல் சிமியோன் சிங்கர் தொகுத்த ஸிடூரின் புதிய பதிப்பைக் கேட்பார்கள். வயதான பெண்கள் சிலர் யூதப் புத்தாண்டு நெருங்கும்போது வந்து, ரௌட்லெட்ஜ் வெளியிட்ட பழைய மஹ்ஸோரைத்தான் கேட்பார்கள். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் புரட்டிய பண்டிகைப் பிரார்த்தனை நூல் அது. வேறு எதைக் காட்டினாலும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒருநாள் ஒரு மூதாட்டி வந்தார். முதலாளி வழக்கமான கேள்வியைக் கேட்டதும், "கல்கத்தா" என்றார். வேறு யாராயிருந்தாலும் விழித்திருப்பார்கள். முதலாளி ஏணியில் ஏறி, ஜெருசலேமில் அச்சான கீழைத்தேய முறை ஸிடூர் ஒன்றை எடுத்து வந்தார். கல்கத்தா யூதர்கள் பாக்தாத்திலிருந்து வந்து குடியேறியவர்கள், 1884இல் கட்டிய மாகென் டேவிட் தொழுகைக்கூடம் இன்றும் அங்கே நிற்கிறது. மூதாட்டி அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது என் கை தட்டி ஒரு புத்தகம் கீழே விழுந்தது. விழுந்த புனித நூலை எடுத்து முத்தமிடுவது யூதர் வழக்கம். நான் பழக்கதோஷத்தில் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் வீட்டு ஆயா இப்படித்தான் செய்வாள் என்றார். அதன்பிறகு அரை மணித்தியாலம் கல்கத்தாக் கதை. வரிசையில் நின்ற யாரும் அவசரப்படுத்தவில்லை.

கேட்கக்கூடாத கேள்விகளும் உண்டு. மதம் மாற விரும்புகிறவர்கள் இந்தக் கடைகளுக்கு அடிக்கடி வருவார்கள். லண்டனில் ஆசாரவாத முறைப்படி யூதராவதற்குச் சில வருடங்கள் பிடிக்கும், நிறையப் படிக்க வேண்டும். அப்படி வந்த ஓர் இளம்பெண் யூதச் சமையலறைச் சட்டங்கள் பற்றிய நூலைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்காமலே தன்னைப் பற்றி விளக்கம் சொல்லத் தொடங்கினாள். முதலாளி மெதுவாகக் குறுக்கிட்டு, "இதைவிட அந்த நூலில் அட்டவணை தெளிவாக இருக்கும்" என்று இன்னொன்றைக் காட்டினார். அவ்வளவுதான். அவள் போனபிறகு நான் காரணம் கேட்டேன். மிஷ்னாவின் பாபா மெட்ஸியா பகுதியை எடுத்து நான்காம் அத்தியாயத்தைக் காட்டினார்.

மிஷ்னா, கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூல். வாங்கல் விற்பனையில் வஞ்சனை இருப்பதுபோலப் பேச்சிலும் வஞ்சனை உண்டு என்று தொடங்குகிறது அந்த இடம். வாங்கும் எண்ணம் இல்லாமல் "இது என்ன விலை" என்று கேட்காதே. மனம் திருந்தியவனிடம் "உன் பழைய செயல்களை நினைத்துப் பார்" என்று சொல்லாதே. மதம் மாறியவர்களின் பிள்ளையிடம் "உன் முன்னோரின் செயல்களை நினைத்துப் பார்" என்று சொல்லாதே. மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. பிறப்பைச் சொல்லிக் குத்துவதையும் கடைக்காரனை ஏமாற்றுவதையும் ஒரே குற்றமாக எண்ணிய அந்தப் பழைய ஆட்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு, தம்பி.

முதல் விதி எங்கள் கடையில் தினமும் மீறப்பட்டது. மாணவர்கள் வருவார்கள், விலை கேட்பார்கள், கைபேசியில் படம் பிடிப்பார்கள், அமேசானில் வாங்கிக்கொள்வார்கள். எனக்குக் கோபம் வரும், முதலாளி ஒன்றும் சொல்லமாட்டார். வாங்கும் எண்ணம் இருந்ததா இல்லையா என்பது கேட்டவன் மனசுக்கு மட்டும் தெரிந்தது, அதனால்தான் இந்த இடத்தில் வேதம் "உன் தேவனுக்குப் பயப்படு" என்கிறது என்று மிஷ்னாவின் விரிவுரையான தல்மூத் விளக்குகிறது. அவன் மனசைப் படிக்கும் உரிமை தனக்கில்லை என்பது முதலாளியின் கட்சி. கடை வாடகையை நினைத்தால் எளிதான கட்சி இல்லை.

கடையை ஓட்டியது வேறு சிலர். பையன் பதின்மூன்று வயதை எட்டும் பார் மிட்ஸ்வாச் சடங்குக்குப் பரிசாக நூல் வாங்கி, அட்டையில் பையனின் பெயரைப் பொன்னெழுத்தில் பொறிக்கக் கொடுக்கும் மாமாக்கள். தல்மூத்தை நாளுக்கு ஓர் ஏடாகப் படிப்பவர்கள். போலந்து ரப்பை மேயர் ஷபிரோ 1923இல் தொடங்கிவைத்த பழக்கம் இது. மொத்தம் 2,711 ஏடுகள், ஒரு சுற்று முடிய ஏழரை வருடம். டாக்சி ஓட்டும் ஒருவர் ஒரு தொகுதி முடியும் தறுவாயில் வந்து அடுத்ததை வாங்குவார். முதலாளி அதை முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பார். சில வேளை அவர் இரண்டு மாதம் பிந்தி வருவார். பிந்தியதைப் பற்றிப் பேச்சே எழாது.

வாங்க வராதவர்களும் வருவார்கள். அப்பா செத்துப்போய் வீட்டைக் காலிசெய்யும் பிள்ளைகள், பெட்டி பெட்டியாகப் புத்தகம் கொண்டு வருவார்கள். பலருக்கு ஹீப்ரு வாசிக்கத் தெரியாது. அதைச் சொல்லும்போது கூசுவார்கள். கடவுள் பெயர் உள்ள தாளைக் குப்பையில் போடக்கூடாது, கிழிந்ததைச் சேர்த்து மயானத்தில் புதைக்க வேண்டும். அதற்கென ஒரு பெட்டி பின்கட்டில் இருந்தது. ஒருமுறை அப்படி வந்த பெட்டியில் ரோடல்ஹைமில் அச்சான சிறிய ஸிடூர் ஒன்று கிடைத்தது. பிராங்க்பர்ட்டை ஒட்டிய அந்த ஊர்ப் பதிப்புகள் பிழையின்மைக்குப் பெயர்போனவை, 1930களில் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர்கள் பையில் போட்டுக் கொண்டுவந்தவை. உள்ளட்டையில் பென்சிலால் ஒரு பிள்ளையின் கையெழுத்து, வட்ட வட்டமாக. முதலாளி அதைத் தனியே எடுத்து, கொண்டுவந்தவரின் கையில் கொடுத்து, "இதை நீங்களே வைத்திருங்கள்" என்றார். "எனக்கு வாசிக்கத் தெரியாதே." "பெயர் உங்கள் அப்பாவுடையதுதானே." அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்றார்.

ஆகவே தாராளமாகப் போங்கள். வெள்ளி மதியத்துக்குப் பிறகு போகவேண்டாம், வெள்ளி மாலை சூரியன் விழும்போது தொடங்கும் ஓய்வுநாளான சபாத்துக்காகச் சீக்கிரம் பூட்டிவிடுவார்கள். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். சனி முழுக்கப் பூட்டு. ஞாயிறு காலை நல்ல நேரம். புத்தாண்டும் பஸ்காவும் நெருங்கும் வாரங்களில் சனம் நெரியும், நின்று கதைக்க முடியாது. புத்தகத்தைக் கவிழ்த்து வைக்காதீர்கள், அதை விரும்பமாட்டார்கள். "எந்த நுஸாஹ்?" என்று கேட்டால், வாசிக்க வந்தேன் என்று சொல்லுங்கள், ஆங்கில மொழிபெயர்ப்பு அடுக்கைக் காட்டுவார்கள். மிஷ்னாவில் பாபா மெட்ஸியா தனி நூலாகக் கிடைக்கும், அதை வாங்குங்கள். நான்காம் அத்தியாயம், பத்தாவது பத்தி.

அன்புடன்,
அக்கா