ஆங்கிலம் சரளமாக வராத கிராமத்து மாணவர் வளாக நேர்காணலுக்கு எப்படித் தயாராவது?

கேட்டவர் திருவாரூர்ப் பக்கத்துக் கிராமம், பொறியியல் மூன்றாம் ஆண்டு என்று எழுதியிருக்கிறார். அடுத்த ஆண்டு நிறுவனங்கள் வரும்போது ஆங்கிலத்தில் திணறிவிடுவோமோ என்பதுதான் அவர் பயம்.

தம்பி, இதே பயத்தோடுதான் நானும் போனேன். எனக்கு வேலை கிடைக்காமல் போனதற்கும் ஆங்கிலத்துக்கும் துளியும் தொடர்பில்லை என்பது அந்த அறைக்குள் போன பிறகுதான் தெரிந்தது.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பாமணியாற்றுப் பாசனம். அப்பாவுக்கு மூன்று ஏக்கரும் ஒரு பம்புசெட்டும் உண்டு. நான் படித்தது மின்னணுவியல். இறுதியாண்டின் நடுவே, 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. தென்னைகள் சாய்ந்தன, மின்கம்பங்கள் விழுந்தன, வாரக்கணக்கில் ஊரில் மின்சாரம் இல்லை. புராஜெக்ட் ஒப்படைக்கும் நாள் நெருங்கிவிட்டது. நான்கு பேர் பணம் போட்டுத் திருச்சியில் ஒரு கடையில் புராஜெக்டை விலைக்கு வாங்கினோம். மண்ணில் ஈரம் குறைந்தால் மோட்டார் தானாக ஓடும், ஈரம் ஏறினால் நின்றுவிடும். சென்சார், சிறு மோட்டார், அச்சடித்த அறிக்கை எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொடுத்தார்கள்.

இதையெல்லாம் பொதுவில் எழுத வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். புயலைக் காரணம் காட்டித் தப்பிக்கவும் நான் விரும்பவில்லை, புயல் அடிக்காத ஊர்ப் பிள்ளைகளும் வாங்கத்தான் செய்தார்கள். இதை மறைத்துக்கொண்டு உங்களுக்கு வழி சொன்னால் அது நேர்மையாக இருக்காது.

2019 ஜனவரிக் கடைசியில் தஞ்சாவூரில் பல கல்லூரிகளுக்குச் சேர்த்து ஒரு நேர்காணல் நடந்தது. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பக்க ஆங்கிலத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், அதையும் தடுமாறாமல் ஒப்பித்தேன். எதிரே இருந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். என் ரெஸ்யூமேயைப் பார்த்துவிட்டு, "உங்கள் ஊரில் என்ன பயிர்?" என்றார். நெல் என்றேன். "நெல் வயலில் தண்ணீர் நிற்குமே, உங்கள் ஈரப்பத சென்சார் அங்கே எதைக் காட்டும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தண்ணீர் நிற்கும் சேற்றில் அந்தக் கருவி எப்போதும் ஈரம் என்றுதான் காட்டும். அதாவது எங்கள் வயலுக்கு அது உதவவே உதவாது. நான் பேசாமல் இருந்ததைப் பார்த்துவிட்டு அவரே, "தமிழிலேயே சொல்லுங்கள், பரவாயில்லை" என்றார். தமிழிலும் என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை, தம்பி. பிறந்ததிலிருந்து பார்த்த வயலைப் பற்றி என் தாய்மொழியில் ஒரு வாக்கியம் சொல்ல முடியாமல் எழுந்து வந்தேன்.

அந்த வாரம் அப்பா வீட்டிலேயே இல்லை. சம்பா நெல்லை அறுத்து, அரசு நெல் கொள்முதல் நிலைய வாசலில் குவித்துவிட்டு, இரவெல்லாம் தார்ப்பாயோடு காவல் கிடந்தார். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள். வெட்டவெளியில் கொட்டிவைத்து வரிசைக்காகக் காத்திருந்தால் பனியில் ஈரம் ஏறாமல் என்ன செய்யும்? பகலில் காயவைப்பது, இரவில் மூடுவது, மறுநாள் மீண்டும் அளப்பது என்று ஒன்பது நாள் போயிற்று. ஒரு கூரை போட்டுக் கொடுத்திருந்தால் அத்தனை பேரும் வீட்டில் படுத்திருப்பார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லாததைப் பேசுகிறேன் என்று தெரிகிறது, ஆனால் நேர்காணலை நினைத்தால் எனக்கு அந்தக் களமும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. ஈரப்பதம் அளக்கும் கருவியால் அப்பா அங்கே அவதிப்பட்டுக்கொண்டிருந்தபோது, ஈரப்பதம் அளக்கும் கருவியை என் புராஜெக்ட் என்று சொல்லிக்கொண்டு நான் இங்கே உட்கார்ந்திருந்தேன்.

வீடு திரும்பிய அப்பாவிடம் அந்தக் கேள்வியைச் சொன்னேன். "நெல்லுக்கு எந்நேரமும் தண்ணீர் நிற்க வேண்டியதில்லையம்மா. காய்ச்சலும் பாய்ச்சலுமாக, கொஞ்சம் காயவிட்டுப் பிறகு தண்ணீர் கட்டினால்தான் தூர் நன்றாக வெடிக்கும், ஒரு நாற்று பல கிளையாகப் பிரியும்" என்றார். பிறகு தேடிப் படித்தபோது, சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இதற்கென்று ஓர் எளிய குழாயைப் பரிந்துரைப்பது தெரிந்தது. 30 சென்டிமீட்டர் பி.வி.சி. குழாயில் கீழ்ப்பாதி முழுக்கத் துளையிட்டு, அந்தப் பாதியை மண்ணில் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். வயலின் நீர்மட்டம் குழாய்க்குள் தெரியும். அது தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு தண்ணீர் கட்டினால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக் கூடாது.

படிப்பு முடிந்து வேலையில்லாமல் இருந்த அந்த ஆண்டு, பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும் மேட்டூர் அணையை ஆகஸ்ட் 13-இல்தான் திறந்தார்கள். பம்புசெட் உள்ளவர்கள் மட்டும் குறுவை போட்டார்கள். எங்கள் வயலில் அந்தக் குழாயைப் புதைத்து, அதன் வாய்க்கு மேலே, ஒலியலையை அனுப்பித் தூரத்தை அளக்கும் ஓர் அல்ட்ராசானிக் சென்சாரை மாட்டினேன். முதல் வாரம் நன்றாக ஓடியது. பயிர் வளர்ந்ததும் நெல் தாள்கள் காற்றில் சாய்ந்து குறுக்கே ஆட, அளவு தாறுமாறாக வந்தது. ஐந்து முறை அளந்து நடுவில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி நிரலை மாற்றினேன். இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நாள் ஆயிற்று.

அக்டோபரில் சென்னையில் ஒரு சிறிய நிறுவனத்தில் இதைத்தான் சொன்னேன். உடைந்த ஆங்கிலம்தான், நடுநடுவே தமிழ். "பம்புசெட் ஓடத் தேவையான மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் நீர்மட்டம் இறங்கினால்?" என்று கேட்டார்கள். என் கருவி மோட்டாரைத் தொடாது, அப்பாவின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி மட்டும் அனுப்பும், மின்சாரம் வரும் நேரம் அவருக்குத் தெரியும் என்றேன். முக்கால் மணி நேரம் நெல் தாளையும் காற்றையும் பற்றியே பேசினோம். வேலை கிடைத்தது.

ஆங்கிலமே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நாள்தோறும் அரை மணி நேரம் வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள். விகிதம், சதவீதம், வேலையும் காலமும் போன்ற கணக்குகளைப் போட்டுப் பார்க்காமல் எழுத்துத் தேர்வைத் தாண்ட முடியாது. பல நிறுவனங்கள் பத்தாம் வகுப்பிலிருந்தே 60 சதவீதம் கேட்கின்றன, அரியர் இருந்தால் இப்போதே முடித்துவிடுங்கள்.

அதோடு இந்த வாரமே உங்கள் ரெஸ்யூமேயை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்று கேள்விகளை எழுதுங்கள். முதல் கேள்வி "இது என்ன?" என்பதாக இருக்கும், அதற்கு எல்லோரிடமும் பதில் உண்டு. "ஏன் இப்படிச் செய்தீர்கள்?", "எங்கே சரியாக வரவில்லை?" என்ற அடுத்த இரண்டுக்கும் உங்களிடம் பதில் இல்லாத வரியை அடித்துவிடுங்கள். பொழுதுபோக்கு புத்தகம் படிப்பது என்று எழுதியிருந்தால் கடைசியாகப் படித்தது எது என்று கேட்பார்கள்.

புராஜெக்ட் இன்னும் முடிவாகவில்லையென்றால் கடைக்குப் போவதற்கு முன் அது எதைப் பற்றியது என்று இங்கே எழுதுங்கள். தஞ்சாவூரில் என்னிடம் கேட்டவர் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளை நான் எழுதி அனுப்புகிறேன்.