லீ முறையில் வெப்பச் சமன்பாட்டின் சமச்சீர்மைகளை, அதாவது ஒரு தீர்வை இன்னொரு தீர்வாக்கும் மாற்றங்களை, தேடும்போது ஆறுக்குப் பதில் மூன்றுதான் வருகிறதா?

ஒவ்வொரு வகைக்கெழுவின் கெழுவையும் தனித்தனியே பூச்சியமாக்கிப் பிரிப்பதற்கு முன்பே, நேர வகைக்கெழு வரும் இடமெல்லாம், சமன்பாட்டின்படி அதற்குச் சமமான, இடத்தைப் பொறுத்த இரண்டாம் வகைக்கெழுவைப் போடுங்கள். ஒரு பரிமாண வெப்பச் சமன்பாட்டில் விடுபட்ட மூன்றும் வந்துவிடும்.

சமச்சீர்மையின் பிறப்பாக்கியை (அதன் நுண்ணிய மாற்றத்தைக் குறிக்கும் செயலியை) வகைக்கெழுக்களுக்கும் விரித்தால் வருவது நீட்சி. அதைச் சமன்பாட்டில் செலுத்தியபின் விடை முற்றொருமையாகவே, எந்தச் சார்புக்கும், பூச்சியமாக வேண்டும் என்று எடுத்திருப்பீர்கள். தேவையில்லை, தீர்வுகள்மேல் பூச்சியமானால் போதும். அந்தக் கடுமையான நிபந்தனையில் தப்புவது இடப்பெயர்ச்சி, காலப்பெயர்ச்சி, அப்புறம் ஓர் அளவுமாற்றம் மட்டுமே. உங்கள் மூன்றும் இவைதானா?

விடுபட்டவற்றில் ஒன்றான கலிலியோ பிறப்பாக்கியை (சீரான வேகத்தில் நகரும் பார்வைக்கு மாற்றுவதை) வைத்துச் சோதித்துப் பாருங்கள். மூலச் சமன்பாடே இட மாறியான எக்ஸால் பெருக்கப்பட்டு, எதிர்க்குறியோடு திரும்பி வரும். பூச்சியமில்லைதான், ஆனால் தீர்வைப் போட்டால் மறைந்துவிடும். முறையின் உயிரே இந்த இடம்தான்.

ஒன்று கவனம்: ஆறோடு ஒரு முடிவிலாக் குடும்பமும் வரும். சமன்பாடு நேரியல் என்பதால் எந்தத் தீர்வையும் கூட்டலாம். பிழையென்று அதை நீக்கிவிடாதீர்கள்.