வழுக்கையாறு என்றால் என்ன? யாழ்ப்பாணத்துக்கு அது ஏன் முக்கியம்?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும் ஆறு. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக வந்து அராலியில் கடல்நீரேரியில் விழுகிறது. அராலித் தடுப்பணையின் கதவுகள் உவர்நீர் உள்ளே ஏறாமல் தடுக்கின்றன.

கோடையில் வறண்டு கிடப்பதைப் பார்த்து இதைச் சாதாரண வாய்க்காலாக எண்ணிவிடக் கூடாது. வழியிலுள்ள குளங்களை நிரப்பிக்கொண்டு மெதுவாகப் போகும்போதுதான் நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்குகிறது. கிணறுகளுக்கு அதுவே ஊற்று.

இறங்கிய நன்னீர், பாரம் கூடிய உவர்நீரின் மேல், குழம்பின் மேல் எண்ணெய் போல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே மோட்டரால் ஓயாமல் இறைத்து மட்டத்தைச் சிறிது தாழ்த்தினாலும் கீழிருந்து உப்பு பல மடங்கு மேலேறும். வெங்காயம் முதலில் காட்டிக்கொடுக்கும்: இலை நுனி கருகும். குளங்களைத் தூர்த்து, ஆற்றோரத்தை மண்போட்டு மூடினால் வெள்ளம் நேரே கடலுக்கு ஓடிவிடும், கிணறு நிரம்பாது.

கிணற்றை இன்னும் ஆழமாக்கினால் நல்ல தண்ணீர் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். இங்கே ஆழம் கூடக்கூட உவர்தான் கிட்ட வரும்.