நாயை அடிச்சும் திருந்தல, மிருகங்க எப்படித்தான் ஒரு விஷயத்தைக் கத்துக்குது?

உங்க நாய் ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவப் பிராண்டுது, அதட்டியாச்சு, அடிச்சாச்சு, அடங்கலன்னு எழுதியிருக்கீங்க. கடைசி வரில போறபோக்குல "சில நாள் பாவமா இருக்கும், ஒரு பிஸ்கட்டப் போட்டுப் படுக்க வைப்பேன்"னு வேற சொல்லியிருக்கீங்க. அந்தக் கடைசி வரிதாங்க விஷயமே. நாயப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, எங்க வீட்ல நாய் வளத்ததே இல்ல. ஆடு தெரியும். ஒரே ஒரு ஆடு எங்க குடும்பத்துக்கே பாடம் எடுத்த கதை இருக்கு, அதச் சொல்றேன். நான் பி.காம், சைக்காலஜி படிச்சவங்க யாராவது வந்து "அந்த வார்த்தை தப்பு"ன்னு கீழ ஆரம்பிச்சுடாதீங்க, கண்ணால பாத்ததையும் அப்புறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதையும்தான் சொல்றேன்.

ஊரு கோவில்பட்டி பக்கம், கரிசல் காடு. 2020ல லாக்டவுன்னு சென்னைல ரூமக் காலி பண்ணிட்டு ஊருக்கு வந்துட்டேன். வீட்டுக்குள்ள சிக்னல் எடுக்காது, திண்ணைல மட்டும்தான் ரெண்டு கோடு வரும், அதனால காலைல ஒம்பது மணியிலருந்து சாயங்காலம் வரைக்கும் லேப்டாப்போட திண்ணைதான். அங்க உக்காந்தா நேர் எதிர்ல ஆட்டுக் கொட்டகை, அதத் தாண்டி சின்ன இரும்பு கேட்டு. கேட்டுக்கு ஒரு கொண்டி, மேல தூக்குனா தொறந்துக்கிடும், விட்டா பொத்துன்னு விழுந்து மாட்டிக்கும். கேட்டுக்கு அந்தப் பக்கம் பெரியப்பா இடம், வரப்போரமா நாலு அகத்தி மரம்.

எங்ககிட்ட அப்ப ரெண்டு ஆடு, ரெண்டும் கன்னி ஆடு, தாயும் மகளும். கன்னி ஆடு தெரியாதவங்களுக்கு, உடம்பு பெரும்பாலும் கறுப்பு, மூஞ்சில கொம்புக்குக் கீழருந்து மூக்கு வரைக்கும் ரெண்டு வெள்ளைக் கோடு இறங்கும். மகளுக்கு நெத்தில கூடுதலா ஒரு வெள்ளை இருந்ததால பொட்டுன்னு பேரு.

ஒரு நாள் பொட்டு கழுத்தரிப்புக்கு கேட்டுத் தூண்ல உரசிக்கிட்டு நின்னுச்சு. உரசி உரசித் தலையத் தூக்கினப்ப தாடை கொண்டிக்கு அடில மாட்டி, கொண்டி மேல போயி, கேட்டு தொறந்துருச்சு. அது பயந்து ரெண்டடி பின்னாடி போனத நான் பாத்தேன். அப்புறம் மெதுவா வெளிய எட்டிப் பாத்துட்டு நேரா அகத்திக்குழைல வாய வச்சுருச்சு. நான் மீட்டிங்ல இருந்தேன், எந்திரிக்க முடியல, கேமரா வேற ஆன்ல.

மறுநாள் அதே நேரம் கேட்டுகிட்ட வந்து நின்னுச்சு. இங்கதான் எனக்குச் சுவாரஸ்யம் பிடிச்சது. கொண்டியத் தூக்கணும்னு அதுக்குத் தெரியவே இல்ல. நெத்தியால முட்டுது, கம்பியக் கடிக்குது, முன்னங்கால வச்சு ஏறப் பாக்குது, கத்துது, தூண்ல உரசுது, எல்லாத்தையும் பண்ணி எங்கயோ ஒரு எடத்துல தாடை கொண்டில பட்டுத் தொறக்குது. வேலையில்லாத மதியம் போன்ல ஸ்டாப்வாட்ச்ச வச்சு, பால் கணக்கு நோட்டுல பின்பக்கம் எழுத ஆரம்பிச்சேன் (சிரிக்காதீங்க, லாக்டவுன்ல நீங்க என்னத்தக் கிழிச்சீங்க). மொதல்ல நாலு நிமிஷத்துக்கு மேல, அப்புறம் ரெண்டு, சரி கத்துக்கிருச்சுன்னு நினைச்சா மறுபடியும் மூணு, அப்புறம் அம்பது செகண்ட்னு ஏறி இறங்கி ஏறி இறங்கி, ரெண்டு வாரத்துல அஞ்சு செகண்டுல வந்து நின்னுச்சு.

இத அப்புறம் தேடிப் பாத்தப்பதான் தார்ன்டைக்னு ஒரு அமெரிக்கக்காரர் 1898லயே பூனைய வச்சு இதே கூத்தப் பண்ணியிருக்கார்னு தெரிஞ்சது. அதுக்கு முன்னாடி கோழிக்குஞ்ச வச்சு ஆராய்ச்சி பண்ணவரு, வாடகை ரூம்ல கோழி வளக்கக் கூடாதுன்னு ஹவுஸ் ஓனரம்மா சண்டை போட்டு, கடைசில அவரோட வாத்தியார் வில்லியம் ஜேம்ஸ்தான் தன் வீட்டு அடித்தளத்துல எடம் குடுத்திருக்கார். அப்புறம் நியூயார்க்ல, மரச்சட்டத்துல பொட்டி செஞ்சு, பசியோட இருக்கிற பூனைய உள்ள விட்டு, வெளிய மீன் வச்சிருக்கார். உள்ள ஒரு கயிறோ கட்டையோ இருக்கும், அதத் தட்டினா கதவு தொறக்கும். ஒரு பூனையோட கணக்கு 160 செகண்ட், 30, 90, 60, 15 அப்படிப் போயி இருபத்தஞ்சு தடவைக்குள்ள ஆறு ஏழு செகண்டுக்கு வந்திருக்கு. ரெண்டாவது தடவ 30ல வந்தது மூணாவது தடவ 90 ஆச்சு பாருங்க, என் பொட்டு மாதிரியே! "ஓ, இதத் தூக்கணுமா"ன்னு புரிஞ்சிருந்தா மறுபடி ஏறாதுல்ல. புரியிறதெல்லாம் இல்ல, எது பலன் குடுத்துச்சோ அது ஒட்டிக்கிடுது, குடுக்காதது கொஞ்சம் கொஞ்சமா உதிருது, அவ்ளோதான்னு அவர் சொன்னார்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது வேற. பொட்டு நல்லாக் கத்துக்கிட்ட பிறகும் தெனமும் மொதல்ல தூண்ல கழுத்த உரசிட்டுத்தான் தாடைய வைக்கும். அரிப்பெல்லாம் இல்ல, மொத நாள் உரசினப்ப தொறந்துச்சுல்ல, அதனால அதுவும் வேலைல சேத்தின்னு நினைச்சிருச்சு போல. நாளாக ஆக அந்த உரசல் சின்னதாயி, கடைசில தூணப் பாத்து ஒரு வெட்டு, சும்மா பேருக்கு, நம்ம கோயிலத் தாண்டும்போது பைக்ல இருந்தே கன்னத்துல போட்டுக்குவோமே அது மாதிரி. தார்ன்டைக் சில பூனைங்கள, உடம்ப நக்கினா மட்டும் கதவத் தொறந்துவிடுவேன்னு பழக்கியிருக்கார், அதுங்களும் போகப் போக நக்குற மாதிரி லேசாத் தலைய மட்டும் ஆட்டிட்டுக் கதவப் பாக்குமாம். படிச்சுட்டு அம்மாகிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன், "சரி, அரிசி களஞ்சு வை"ன்னாங்க.

இன்னொண்ணு, தாய் ஆடு தெனமும் பக்கத்துல நின்னு பாத்துச்சு, தொறந்ததும் பின்னாடியே போயித் தின்னுச்சு, ஆனா ஒரு நாள் கூட அதுவாத் தொறக்கல. பொட்டக் கட்டிப் போட்ட அன்னிக்கு கேட்டு முன்னாடி நின்னு கத்திட்டு இருந்துச்சு. இங்கிலாந்துல 12 ஆட்டுக்கு, கயிற இழுத்து அப்புறம் ஒரு நெம்புகோலத் தூக்குனா தீனி வர்ற பொட்டியக் குடுத்துப் பாத்திருக்காங்க, 2014ல அத வெளியிட்டாங்க. 9 ஆடு கத்துக்கிருச்சு, அதுலயும் மத்த ஆடு செய்யறதப் பாத்ததால யாரும் சீக்கிரம் கத்துக்கலயாம். பத்து மாசம் கழிச்சும் மறக்கலங்கிறதையும் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

சரி, பிரச்சனைக்கு வரேன். பெரியம்மா வந்து "வேணும்னே அவுத்து விடுறீங்களாக்கும்"னு தெருவுக்கே கேக்குற மாதிரி ஆரம்பிச்சாங்க. இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும், அந்த நாலு அகத்தியும் நட்டதே வரப்புக்கு எங்க பக்கம், கல்லுலருந்து ரெண்டடி உள்ள. சர்வேயரக் கூட்டியாந்து அளக்கலாம்னு நானும் தம்பியும் எத்தன தடவ சொல்லியிருப்போம், "அண்ணன்கூட அதப் போயி அளக்கவா"ன்னு அப்பா வாயே தொறக்க மாட்டார். எங்க மண்ணுல எங்க தண்ணில வளந்த மரத்த எங்க ஆடு தின்னா நாங்க திருடங்க. தாத்தா இருந்தப்ப கிணத்துப் பங்குலயும் இதேதான், மோட்டார் போடுற முறை வந்தா அவங்களுக்கு மட்டும் என்னிக்கும் மூணு ஃபேஸ் கரண்ட் இருக்கிற நேரமா அமையும். இத எங்கதான் சொல்றது, இங்க சொல்றேன், விடுங்க.

அண்ணிகிட்டப் பேச்சு வாங்கின கோவத்துல அப்பா புளியங்குச்சி எடுத்து பொட்ட ரெண்டு சாத்து சாத்துனார். ஆட்ட அடிச்சீங்களான்னு கேக்காதீங்க, தப்புதான், அவரும் அப்புறம் வருத்தப்பட்டார். கெடாக்குட்டிய விக்கிறீங்கள்லன்னு அடுத்துக் கேப்பீங்க, ஆமா விக்கிறோம், மறைக்கல. அடிச்சதுல என்ன ஆச்சுன்னா, அப்பாவோட டிவிஎஸ் ஃபிப்டி சத்தம் கேட்டா பொட்டு கொட்டகை மூலைல போயி ஒண்ணும் தெரியாத மாதிரி அசை போடும். வண்டி தெரு முனை திரும்பினதும் கேட்டுக்கு வந்துரும். கேட்டத் தொறக்கக் கூடாதுன்னு அது கத்துக்கல, அப்பா இருக்கும்போது தொறக்கக் கூடாதுன்னு கத்துக்கிருச்சு. அதோட அவரு கைல குழை நீட்டினா வாங்காது, ரெண்டு மாசம். தார்ன்டைக்கும் பின்னாள்ல, பரிசு ஒட்டவைக்கிற அளவுக்கு தண்டனை அழிக்கிறதில்லன்னு தான் முன்ன சொன்னத மாத்திக்கிட்டார்.

உங்க நாயும் அப்படித்தான் இருக்கும். உங்களப் பாத்தா பம்மும், கதவு மூடியிருந்தா பிராண்டும்.

ஆனா எங்க வீட்டு உண்மையான குற்றவாளி அம்மா. இது நோட்டப் பொரட்டும்போதுதான் எனக்கே பட்டுச்சு. பொட்டு வெளிய போனதும் அம்மா ஓடி வந்து பழைய பால் பவுடர் டின்ல மக்காச்சோளத்தப் போட்டு லொட லொடன்னு ஆட்டிக் கூப்பிடுவாங்க. அது திரும்பி வரும், வந்ததும் ஒரு கை சோளம். அதாவது கேட்டத் தொறந்தா மொதல்ல அகத்தி, அப்புறம் மக்காச்சோளம், ரெண்டு கூலி. உள்ளயே ஒழுங்கா நின்னா கிடைக்கிறது காஞ்ச கடலைக்கொடி. நாங்களே டியூஷன் எடுத்திருக்கோம். கிளி ஜோசியக்காரர் இதத்தான் தெரிஞ்சே செய்றார், கிளி கூண்ட விட்டு வந்து சீட்ட எடுத்துக் குடுத்துட்டு ஒரு நெல்ல வாங்கிட்டு உள்ள போயிரும் (1972 வனவிலங்குச் சட்டப்படி நம்மூர்க் கிளிய வளக்கிறதே தப்பு, அது வேற). அம்மா தெரியாம செஞ்சாங்க.

கொண்டியக் கயித்தால கட்டினோம். மொத மூணு நாள் முன்ன இருந்ததவிட மோசம், கேட்டே ஆடுற மாதிரி முட்டுச்சு, ராத்திரி கூடக் கத்துச்சு. உங்க வீட்லயும் பிஸ்கட்ட நிறுத்துனா மொதல்ல பிராண்டல் கூடும், அத "பலிக்கல"ன்னு நினைச்சு நடுவுல ஒண்ணு குடுத்துட்டீங்கன்னா தொலைஞ்சீங்க, இன்னும் கொஞ்சம் பலமாப் பிராண்டினா கிடைக்கும்னு ஆயிரும். எங்களுக்கு அதுதான் நடந்துச்சு, முட்டுறது நல்லாக் கொறஞ்சு வந்த நேரத்துல ஒரு கல்யாணத்துக்குக் கிளம்புற அவசரத்துல அப்பா கயிறு கட்ட மறந்துட்டார். ஒரே ஒரு நாள். அதுக்கப்புறம் கட்டினாலும் மாசக்கணக்கா விடாம முட்டுச்சு.

ஸ்கின்னர்னு இன்னொரு ஆராய்ச்சிக்காரர், கம்பிய அழுத்தினா எலிக்குத் தீனி விழற மாதிரி பொட்டி வச்சிருந்தார், அந்தத் தீனிய உருட்டித் தானே செஞ்சுக்கிட்டு இருந்திருக்கார். ஒரு சனிக்கிழமை பாத்தா திங்கட்கிழமைக்குள்ள தீந்துரும் போல இருந்திருக்கு, உருட்டச் சோம்பல்பட்டு ஒவ்வொரு தடவைக்கும் குடுக்காம நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு குறைச்சார். எலி விடல, அழுத்திக்கிட்டே இருந்துச்சு. அதுலருந்து போயி, எப்பவாவது கிடைக்கிற பரிசுதான் பழக்கத்த சாகவிடாதுன்னு கண்டுபிடிச்சாங்க. எங்க மாமா ஒருத்தருக்கு ஒரு தடவ லாட்டரில அம்பது ரூவா விழுந்துச்சு, அதுக்கப்புறம் 2003ல தமிழ்நாட்ல லாட்டரியத் தடை பண்ற வரைக்கும் ஒரு நாள் விடாம வாங்கினார். அத்தைகிட்ட வாங்காத திட்டா? நீங்க போடற "சில நாள் பிஸ்கட்" அந்த அம்பது ரூவாதான். தெனமும் போட்டிருந்தீங்கன்னா கூட நிறுத்தறது சுலபம்.

என்ன செஞ்சீங்கன்னு கேட்டா, பெருமையாச் சொல்ல ஒண்ணுமில்ல, பூட்டு வாங்கிப் போட்டோம். அதோட சோள டின்ன மாத்தினோம், வெளிய போனா ஆட்டக் கூடாது, சாயங்காலம் அஞ்சு மணிக்கு கொட்டகைக்குள்ள இருக்கிற ஆட்டுக்கு மட்டும். பத்து நாளாகல, நாலே முக்காலுக்கெல்லாம் ரெண்டும் உள்ள வந்து வரிசைல நிக்கும். நீங்களும் படுக்கை விரிப்புல போயிப் படுத்த உடனே பிஸ்கட்டக் குடுங்க, அந்த நொடிலயே, அஞ்சு நிமிஷம் கழிச்சுக் குடுத்தா அந்த அஞ்சாவது நிமிஷத்துல எத செஞ்சிட்டு இருந்துச்சோ அதுக்குன்னு எடுத்துக்கிடும். பிராண்டும்போது எந்திரிக்கவே எந்திரிக்காதீங்க, திட்டக் கூட வேணாம், நீங்க முழிச்சு வர்றதே அதுக்கு லாபம். முதல்ல ஒண்ணுக்குப் போகத்தான் கூப்பிடுதா, உடம்புக்கு ஏதும் முடியலயான்னு ஒரு தடவ பாத்துருங்க, அது மட்டும் நான் சொன்னேன்னு விட்டுடாதீங்க.

ஒரு வருஷத்துக்கு மேல ஆயி, பொங்கலுக்கு வெள்ளையடிக்க கேட்டுப் பூட்டக் கழட்டி வச்சிருந்தாங்க. நானும் ஊர்ல இருந்தேன். பொட்டு கொட்டகைலருந்து வந்துச்சு, தூணுக்கு அந்த ஒரு வெட்டு, தாடைய வச்சு ஒரே தூக்கு. அப்பா சுண்ணாம்பு மட்டையோட நின்னு பாத்துச் சிரிச்சுட்டார். வெளிய போயி வரப்புல நின்னா அகத்தி இல்ல, ஐப்பசி மழைலயே ரெண்டு சாஞ்சு மீதியப் பெரியப்பா வெட்டிட்டார். அங்கயே கொஞ்ச நேரம் நின்னுச்சு. அப்புறம் தலையத் திருப்பி வீட்டு வாசல, அதுலயும் அடுப்படி ஜன்னலப் பாத்துச்சு பாருங்க.

நான் வேணாம் வேணாம்னு கத்துறேன், அம்மா டின்ன எடுத்துட்டு வந்துட்டாங்க.