கிளட்ச் மிதித்தால் 'கிறீச்': கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: வணக்கம் சார். என்னுடையது 2010 மாடல் பெட்ரோல் கார், கேபிள் கிளட்ச். கொஞ்ச நாளாக கிளட்சை மிதிக்கும்போது 'கிறீச்' என்று சத்தம் வருகிறது, ஆனால் எப்போதும் வருவதில்லை. காலையில் எடுத்ததும் ஒன்றும் இருக்காது, டவுனுக்குள் நெரிசலில் அரை மணி நேரம் ஓட்டினால் ஆரம்பிக்கும், சில நாள் வரவே வராது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே சமர்த்தாக இருக்கிறது. அவரோ சத்தத்தைக் கேட்காமலே, "பழைய வண்டிதானே, கியர் பாக்ஸை இறக்கி கிளட்ச் செட்டை மாத்திடலாம்" என்கிறார். பிக்கப் நன்றாக இருக்கிறது, கியரும் லேசாக விழுகிறது. மாற்றிவிடலாமா?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கிளட்ச் செட்டை விட அதற்காக கியர் பாக்ஸை இறக்கி ஏற்றும் லேபர்தான் உங்களை உலுக்கும். அவ்வளவும் செலவழித்த பிறகு அதே 'கிறீச்' பெடலில் இருந்து வந்தால் யாரைக் கேட்பீர்கள்?

அரை மணி நேரம் ஓடிய பிறகுதான் சத்தம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது நல்ல துப்பு. ஓடி ஓடி பானெட்டுக்குள் சூடு ஏறும், கிரீஸ் இளகும், நெரிசலில் கிளட்சை மிதித்துக்கொண்டே இருப்பீர்கள், காய்ந்துபோன இடம் அப்போதுதான் கத்தும். ஆகவே சோதனையையும் அந்த நேரத்தில்தான் செய்ய வேண்டும், ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்த வண்டியை மறுநாள் ஒர்க்ஷாப்பில் மிதித்துக் காட்டிப் பயனில்லை. அடுத்த முறை சத்தம் வந்ததும் ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு கிளட்சை மெதுவாக நாலைந்து தடவை மிதித்துப் பாருங்கள்.

இன்ஜின் ஓடாதபோதும் சத்தம் வந்தால், சுழல்கிற பாகங்கள் அத்தனைக்கும் அப்போதே விடுதலை கொடுத்துவிடலாம். மிச்சம் இருப்பது உரசுகிற பாகங்கள் மட்டும்தான். பெடல் தொங்கும் தண்டில் இருக்கும் புஷ் (பெடல் உரசாமல் ஆட வைத்திருக்கும் சின்ன வளையம்), ரிட்டர்ன் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் கொக்கி, கேபிளின் இரண்டு முனைகள், கியர் பாக்ஸ் பக்கம் கேபிள் இழுக்கிற லீவர். வீட்டில் யாரையாவது மிதிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் டாஷ்போர்டுக்கு அடியில் காதை வையுங்கள், பிறகு பானெட்டைத் திறந்து லீவர் பக்கம் கேளுங்கள். மிதிக்கும்போது பெடல் தண்டைத் தொட்டுப் பார்த்தால் உரசல் கையிலேயே அதிரும். ரப்பர் மேட் பெடலில் உரசுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், சிரிக்காதீர்கள், அதுவும் நடக்கிறதுதான். உங்கள் வண்டிக்கு என் சந்தேகம் முதலில் பெடல் புஷ் மீது, அடுத்து கேபிள் மீது.

லீவர் வரைக்கும் அமைதி, சத்தம் கியர் பாக்ஸ் கூட்டுக்குள்ளிருந்து வருகிறது என்றால் மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க் (கவட்டை போன்ற கை) காய்ந்து கத்துகிறது என்று அர்த்தம். கூட்டுக்குள் இருப்பதால் அதைக் கழுவி கிரீஸ் வைக்கவும் கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். ஆனால் வெறும் சத்தத்துக்காக உடனே ஓட வேண்டியதில்லை, கிளட்ச் தேய்ந்து செட் மாற்றும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்ஜினை அணைத்தால் சத்தம் இல்லை, ஓடும்போது மட்டும்தான் வருகிறது என்றால் கதை வேறு. நியூட்ரலில் வைத்துக்கொண்டு கவனியுங்கள். பெடலில் காலை வைத்து லேசாக அழுத்தியதும் சத்தம் ஆரம்பித்து, அழுத்த அழுத்தக் கூடினால் ரிலீஸ் பேரிங்தான் பெரும்பாலும் காரணம். அதற்கு நேர்மாறாக, காலை எடுத்தால் ஒரு உறுமல், முழுக்க மிதித்தால் அடங்கிவிடுகிறது என்றால் இன்ஜின் சுழற்சியை கியர் பாக்ஸுக்குள் வாங்கும் தண்டான இன்புட் ஷாஃப்டின் பேரிங்கைச் சந்தேகப்பட வேண்டும், அதற்கு கிளட்ச் செட் மாற்றினால் ஒரு பலனும் இருக்காது! ரிலீஸ் பேரிங் சத்தத்தோடு சில காலம் ஓட்டலாம், ஆனால் 'கிறீச்' போய் 'கரகர' என்று மாறிவிட்டால் தள்ளிப்போடாதீர்கள், பேரிங் இறுகிவிட்டால் கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல் போன்ற ஸ்பிரிங் முனைகளையும் தின்றுவிடும், நடுரோட்டில் கியர் விழாமல் நிற்க வேண்டி வரும்.

ஃப்ரீ பிளேயையும் ஒரு பார்வை பாருங்கள். பெடலை விரலால் அழுத்தினால் கனம் தட்டுவதற்கு முன் கொஞ்ச தூரம் சும்மா இறங்க வேண்டும். கேபிள் வண்டிகள் பலவற்றில் இது சுமார் 15 முதல் 25 மில்லிமீட்டர், உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று மேனுவலில் இருக்கும். பிளேட் தேயத் தேய இந்த இடைவெளி குறையும், சுத்தமாக இல்லாமல் போனால் நீங்கள் மிதிக்காதபோதும் ரிலீஸ் பேரிங் அழுத்தத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். கிளட்ச் மேல் காலை வைத்தபடியே ஓட்டுகிற பழக்கமும் அதே வேலையைத்தான் செய்கிறது.

பிளேட் நன்றாக இருக்கிறதா என்ற சந்தேகம் தீர, காலி ரோட்டில் நாலாவது கியரில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை நன்றாக அழுத்துங்கள். இன்ஜின் மட்டும் கத்தி, வண்டி வேகம் எடுக்காவிட்டால் கிளட்ச் பிடிக்காமல் வழுக்குகிறது, அதாவது ஸ்லிப் ஆகிறது, அப்போது மெக்கானிக் சொன்னது சரி. கியர் பாக்ஸை இறக்கும் நாள் வந்தால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள், பின்பக்க கிராங்க் ஆயில் சீல் கசிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை, சத்தம் வரும்போது போனில் பதிவு செய்து அவரிடம் போட்டுக் காட்டுங்கள். கேட்காத சத்தத்துக்கு அவரும் பாவம் என்னதான் சொல்வார்.

கேள்வி: என் காரிலும் இதே சத்தம். துரு நீக்கும் ஸ்பிரேயை பெடலில் அடித்தேன், உடனே நின்றது, ஒரு வாரத்தில் மறுபடியும் வந்துவிட்டது. கேபிளுக்குள் இன்ஜின் ஆயில் விடலாமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: அந்த ஸ்பிரே இருந்த கிரீஸையும் கழுவிவிட்டு ஆவியாகிவிடும், அதனால்தான் திரும்ப வந்தது. ஆனால் ஒரு நன்மை, சத்தம் பெடலில்தான் என்பது உறுதியாகிவிட்டது. புஷ்ஷைத் துடைத்து சிலிகான் கிரீஸோ வெள்ளை லித்தியம் கிரீஸோ வையுங்கள், புஷ் தேய்ந்து ஆடினால் மாற்றுங்கள், சின்ன சாமான்தான். கேபிளில் ஆயில் வேண்டாம். இப்போதைய கேபிள்கள் பெரும்பாலும் உள்ளே பிளாஸ்டிக் உறை போட்டவை, ஆயில் விட்டால் தூசியைப் பிடித்துக்கொண்டு பெடல் இன்னும் கனமாகும். முனையில் இழை பிரிந்திருந்தால் யோசிக்காமல் புதுக் கேபிள் போட்டுவிடுங்கள். கியர் பாக்ஸ் கூட்டின் ஓட்டை வழியாக மட்டும் எதையும் அடித்துவிடாதீர்கள், பிளேட்டில் பட்டால் அப்புறம் உண்மையிலேயே கிளட்ச் செட் வாங்க வேண்டியதுதான்.

கேள்வி: ஹைட்ராலிக் கிளட்ச் வண்டியிலும் பெடல் 'கிறீச்' என்கிறதே, அதற்கும் கிரீஸ்தானா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: பெடல் புஷ்ஷாக இருந்தால் ஆமாம். ஆனால் அதற்கு முன் டார்ச் அடித்து, பெடலுக்கு மேலே, கேபிளுக்குப் பதிலாக ஃப்ளூயிடைத் தள்ளி கிளட்சை இயக்கும் மாஸ்டர் சிலிண்டரின் தண்டு நுழையும் இடம் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் இருந்தால் சீல் போய்விட்டது, கிரீஸ் வைத்துப் பயனில்லை, சிலிண்டரைத்தான் கவனிக்க வேண்டும். பல வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே ஃப்ளூயிட் டப்பாதான், அதில் அளவு குறைந்திருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.