அகத்தியர்கூடம் ஏறணும்னு கேட்டவர்களுக்கு

மூன்று தடவை அகத்தியர்கூடம் ஏறியவன் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. நாகர்கோவில்காரன் என்ற முறையில் நம்ம ஊரில் இருந்து கிளம்புகிறவர்களுக்காகவே பதில் சொல்கிறேன்.

தக்கலையிலிருந்து: அண்ணே, அது நம்ம பொதிகைதானே? பாபநாசம் வழியா ஏற முடியாதா?

மலை தமிழ்நாடு, கேரளா எல்லையில் இருக்கிறது, ஆனால் பொதுமக்களுக்கு வழி போனக்காடுதான் தம்பி. திருவனந்தபுரம், நெடுமங்காடு, விதுரா, அப்புறம் போனக்காடு. காலையிலேயே சோதனைச்சாவடியில் நிற்கணும், அதனால் முந்தின ராத்திரி விதுராவில் தங்கிவிடுங்கள். சீசன் ஜனவரி முதல் மார்ச் வரை. கேரள வனத்துறை தளத்தில் முன்பதிவு செய்யணும், திறந்த கொஞ்ச நேரத்திலேயே தீர்ந்துவிடும். டாக்டர் சான்றிதழும் கேட்பார்கள்.

குலசேகரத்திலிருந்து: எவ்வளவு தூரம்? நிஜமாவே கஷ்டமா அண்ணாச்சி?

உயரம் 1868 மீட்டர். மூன்று நாள் பயணம். முதல் நாள் அதிருமலை முகாம் வரை பதினைந்து கிலோமீட்டர் போல. முதல் பாதி காடும் ஓடையுமாக சுகமாகப் போகும், அதை நம்பி வேகமாக நடந்துவிடாதீர்கள், அதற்குப் பிறகு வெயில் உரிக்கும் புல்மேடு, அப்புறம் முட்டிடிச்சான் என்கிற செங்குத்து ஏற்றம். பேரே சொல்கிறது, ஏறும்போது முட்டி நெஞ்சில் இடிக்கும். இரண்டாம் நாள் உச்சிக்கு ஆறு கிலோமீட்டர், கடைசியில் கயிறு பிடித்து ஏறும் வழுக்குப் பாறைகள். அதே பாதையில் அன்றைக்கே முகாமுக்கு இறங்கணும். மூன்றாம் நாள் போனக்காடு.

எல்லாரும் ஏறுவதைப் பற்றியே கேட்கிறீர்கள். என்னை அழவைத்தது இறக்கம். முதல் தடவை விரல் நுனி இடிக்கிற ஷூ போட்டுப் போய், இரண்டு பெருவிரல் நகமும் கறுத்து விழுந்தது, ஒரு மாசம் செருப்புதான்.

கருங்கலிலிருந்து: அப்ப எப்படிப் பழகுறது?

மருந்துவாழ்மலை இருக்கே! ஒரு மாசம் முன்னாலேயே ஆரம்பித்து, மலைக்குக் கொண்டுபோகப் போகிற அதே பையில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பிச் சுமந்து ஏறுங்கள். நாராயண குரு தவம் செய்த பிள்ளைத்தடம் குகையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு இறங்குங்கள், இறங்கியதும் திரும்பவும் ஒரு தடவை. இரண்டாவது இறக்கத்தில் தொடை நடுங்கினால் இன்னும் பழக்கம் போதாது என்று அர்த்தம். கடற்கரையில் நடப்பது இதற்குப் போதாது.

மார்த்தாண்டத்திலிருந்து: பெண்களை விடுவார்களா?

விடுவார்கள் அக்கா. முன்பு தடை இருந்தது. 2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் பாகுபாடு கூடாது என்றது. 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற பெண் உச்சி வரை போனார். நீங்கள் தாராளமாகப் போகலாம், குழந்தைகளைத்தான் கூட்டிப்போக முடியாது, பதினான்கு வயது ஆகியிருக்கணும்.

நாகர்கோவிலிலிருந்து: பையில் என்ன வைக்க?

எடை குறைவாக. காற்றுக்கு ஒரு ஜாக்கெட், மாற்றுத்துணி ஒரு செட், டார்ச், அட்டைப்பூச்சிக்கு உப்பு, ஏத்தங்காய் சிப்ஸ் கொஞ்சம். அதிருமலையில் கஞ்சியும் பயறும் கிடைக்கும், அந்தக் குளிரில் ஒரு கட்டன்சாயா, அதான் பால் விடாத டீ, குடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக்குக்கு அனுமதியில்லை, பூஜைச் சாமான்களும் அப்படியே.

அஞ்சுகிராமத்திலிருந்து: மேலே போனா என்ன தெரியும்?

அகத்தியர் சிலை இருக்கிறது. மற்றபடி அது மேகத்தைப் பொறுத்தது. முதல் தடவை நான் பார்த்தது வெள்ளை, வெறும் வெள்ளை, என் கையே சரியாகத் தெரியவில்லை. இரண்டாவது தடவை விடிந்ததும் கிளம்பியதால் பேப்பாறை, நெய்யாறு நீர்த்தேக்கங்கள் வரை பளிச்சென்று தெரிந்தன. கயிற்றுப் பாறை நனைந்திருந்து காவலர் வேண்டாம் என்றால் மல்லுக்கட்டாமல் திரும்பிவிடுங்கள்.

கொல்லங்கோட்டிலிருந்து: களைப்பே தெரியாத மூலிகை இருக்காமே, ஒரு கட்டு கொண்டு வாங்களேன்!

ஆரோக்கியப்பச்சை. 1987இல் இந்த மலைக்கு வந்த விஞ்ஞானிகள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்க, கூட வந்த காணிப் பழங்குடியினர் அதன் காயை மென்றபடி தெம்பாக நடந்தார்களாம். அதில் இருந்துதான் ஜீவனி என்ற மருந்து வந்தது. செடியைப் பறித்தால் வனத்துறை என்னையும் சேர்த்துப் பிடிக்கும், அதனால் உங்களுக்குச் சிப்ஸ்தான் மக்கா.