கை நடுங்கினால் வேலை கிடைக்காதா?

கேள்வி: வணிகவியல் பட்டதாரி நான். கணக்குப் பிரிவில் இரண்டு வருட அனுபவம். ஆட்குறைப்பில் வேலை போய் ஒன்பது மாதம் ஆகிறது. ஏழு இன்டர்வியூவுக்குப் போயும் எதிலும் தேறவில்லை. இப்போது உள்ளே நுழைந்ததுமே கை நடுங்குகிறது. ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் எல்லாம் மறந்துபோகிறது. பதற்றம் குறைய நண்பர் ஒரு மாத்திரை சொல்கிறார். ஒரு கன்சல்டன்சிக்காரர், பணம் கட்டினால் இன்டர்வியூவே இல்லாமல் உள்ளே போட்டுவிடுவதாகச் சொல்கிறார். என்ன செய்யட்டும்? இந்த ஒன்பது மாத இடைவெளியை எப்படிச் சமாளிப்பது?

பதில்: பணம் இன்னும் கட்டவில்லை என்று நம்பி எழுதுகிறேன். கட்டாதீர்கள். ஏழு தடவை அடிபட்டு வந்தவரைத்தான் இவர்கள் தேடிப் பிடிப்பார்கள். முதல் இன்டர்வியூவுக்குப் போகிறவரிடம் இந்தப் பேச்சு எடுபடாது என்று அவர்களுக்குத் தெரியும்.

ஏஜென்சிக்குக் கூலி கொடுக்க வேண்டியது ஆளெடுக்கும் நிறுவனம். வேலை தேடுபவரிடம் நேராகவோ சுற்றிவளைத்தோ கட்டணம் வாங்கக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997இலேயே தன் 181ஆம் உடன்படிக்கையில் எழுதிவிட்டது. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை. ஏற்ற இடங்களிலும் யார் கண்காணிக்கிறார்கள்? தடை இருக்கும் ஊரில் கட்டணம் என்ற பெயரில் கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான். பதிவுத் தொகை, பயிற்சித் தொகை, ஆவணச் சரிபார்ப்பு, திரும்பக் கிடைக்கும் டெபாசிட், லேப்டாப்புக்கு முன்பணம் என்று வேஷம் மாறி வரும். அழகாக ஓர் ஆஃபர் லெட்டரும் வரும். அது வந்த மின்னஞ்சல் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ இருக்கும். கடிதத்தில் உள்ள எண்ணில் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள், அதை எடுப்பதும் அவர்கள் ஆள்தான். நீங்களாக நிறுவனத்தின் இணையதளத்துக்குப் போய், அங்குள்ள எண்ணில் கேளுங்கள். அசல் சான்றிதழ்களை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அவற்றைத் திருப்பித் தரவும் ஒரு தொகை கேட்பார்கள்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட்டால் யாராவது சண்டைக்கு வருவார்கள். அரசுப் பணித் தேர்வுகளுக்கு விண்ணப்பக் கட்டணம் வாங்குவது சில நாடுகளில் வழக்கம். அது மோசடி இல்லை. ஆனால் அதன் லட்சணமே வேறு. தொகை அறிவிக்கையில் அச்சாகியிருக்கும். ஒரே பிரிவினர் எல்லோருக்கும் ஒரே தொகை. விண்ணப்பிக்கும்போதே வாங்குவார்கள், தேர்வான பிறகு கேட்க மாட்டார்கள். பணம் தேர்வு நடத்தும் அமைப்பின் கணக்குக்கே போகும். யாருடைய கைபேசி எண்ணுக்கும் போகாது. கட்டியதற்கு ரசீது வரும், வேலை உறுதி என்ற பேச்சு வராது. இவற்றில் ஒன்று இடித்தாலும் விலகிவிடுங்கள். ‘என்னிடம் கொடுங்கள், நான் கட்டிவிடுகிறேன்’ என்று நடுவில் யாராவது வந்தாலும் வேண்டாம். நீங்களே கட்டுங்கள்.

சரி, நடுக்கத்துக்கு வருவோம். நடுங்கியதால்தான் ஏழும் கைவிட்டுப் போயின என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். ஆளெடுக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் பல வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆளை முன்பே முடிவுசெய்துவிட்டுப் பெயருக்கு நடத்தும் இன்டர்வியூக்கள் உண்டு. பணியிடமே ரத்தாகி, அதை யாரும் சொல்லாமல் விட்டதும் உண்டு. ஒரு நாளைச் செலவழித்து வந்தவருக்கு ‘தேர்வாகவில்லை’ என்று இரண்டு வரி அனுப்ப எச்.ஆர். துறைக்குக் கை வராது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடுவதுதான் ஆளைக் கணிக்க நல்ல வழி என்று ஆய்வுகள் பல பத்தாண்டுகளாகச் சொல்கின்றன. மேலாளர்களோ இன்னமும் அரைமணி நேரம் அரட்டை அடித்துவிட்டு ‘செட் ஆகாது’ என்று எழுதுகிறார்கள்.

ஆகவே ஏழையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள். எது எந்தச் சுற்றில் நின்றது என்று பிரித்துப் பாருங்கள். தொலைபேசிச் சுற்றிலேயே நின்றவற்றுக்குச் சம்பள எதிர்பார்ப்போ அனுபவமோ காரணமாக இருக்கும். கடைசிச் சுற்று வரை போனவற்றில் உங்கள் மேல் பெரிய குறை இல்லை. நடுவில், துறை சார்ந்த கேள்விகளில் நின்றவைதான் கவனிக்க வேண்டியவை. அங்கே பெரும்பாலும் ஆளைக் கவிழ்ப்பது நடுக்கம் அல்ல, வெறும் பதில்.

‘நான் கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து செயல்படுவேன்’ என்பதை அன்றைக்கே பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். அதற்குப் பதில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘மாதக் கடைசியில் பேரேடு 270 வித்தியாசம் காட்டியது. அந்த எண் 9ஆல் வகுபட்டதால், இலக்கம் இடம் மாறியிருக்கும் என்று சந்தேகித்து அப்படிப்பட்ட பதிவுகளை மட்டும் தேடினேன். 630 என்ற பில் 360 என்று ஏறியிருந்தது.’ இதைச் சொல்லும்போது கை நடுங்கினாலும் யாரும் கவலைப்பட மாட்டார்கள். கணக்குத் தெரிந்தவர் என்று புரிந்துவிடும். உங்கள் இரண்டு வருட அனுபவத்தில் இதுபோல நான்கைந்து கட்டாயம் இருக்கும். எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு வார்த்தை தவறினால் மொத்தமும் போய்விடும். குறிப்பு மட்டும் வைத்துக்கொண்டு, ஒருவரை எதிரில் உட்காரவைத்து வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். முதல் இரண்டு நிமிடம் தடங்கலின்றி வந்துவிட்டால் மீதி தானாக வரும்.

நடுக்கம் உங்களுக்குத் தெரிகிற அளவு எதிரில் இருப்பவருக்குத் தெரிவதில்லை. சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரு உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இந்த உண்மையை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு மேடையேறியவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். ‘அமைதியாக இரு’ என்று உங்களையே அதட்டிக்கொள்வதும் உதவாது. ஹார்வர்டின் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட சோதனைகளில், பேசுவதற்கு முன் ‘உற்சாகமாக இருக்கிறேன்’ என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் ‘அமைதியாக இருக்கிறேன்’ என்று சொன்னவர்களைவிட எடுபட்டார்கள். படபடப்பும் உற்சாகமும் உடம்பில் ஏறக்குறைய ஒன்றுதான் என்பது அவர் தரும் விளக்கம். வெளியே காத்திருக்கும்போது மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள், இதயத் துடிப்பு சற்று இறங்கும்.

நண்பர் சொன்ன மாத்திரை அநேகமாக, இதயத் துடிப்பைக் குறைக்கும் புரோப்ரனலால் என்ற மருந்தாக இருக்கும். ஆஸ்துமா உள்ளவருக்கு அது மூச்சுக் குழாயை இறுக்கிவிடும். மருத்துவர் எழுதித் தராமல் தொடாதீர்கள்.

இடைவெளியைப் பற்றிக் கேட்டால், ‘ஆட்குறைப்பில் எங்கள் பிரிவில் பலர் விலக நேர்ந்தது’ என்று ஒரே வரி. நீங்கள் ஒருவர் மட்டும் என்றால் ‘என் பணியிடத்தை நீக்கினார்கள்’ என்று சொல்லுங்கள். கூடவே இந்த மாதங்களில் கற்ற ஒன்றைச் சொல்லி நிறுத்திவிடுங்கள். பழைய முதலாளியின் கதை வேண்டாம். விலகிய தேதியைத் தள்ளிப்போட்டு அனுபவச் சான்றிதழ் அடித்துத் தருகிறேன் என்று எவராவது வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். புது நிறுவனம் சரிபார்க்கும்போது பழைய இடத்தில் முதலில் கேட்பதே சேர்ந்த தேதியும் விலகிய தேதியும்தான்.